ஓஷன் குரோவ்: கடலோரத்தில் கூடாரம் போட்டுக் கோடை கழிக்கும் ஊர். வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முத்துலட்சுமி_எடிசன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரக் கடைசியில் குடும்பத்தோடு நியூ ஜெர்சிக் கடற்கரைக்குப் போய் ஆஸ்பரி பார்க்கில் ஒரு ராத்திரி தங்கினோம். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் எழுந்துவிட்டதால் சும்மா நடக்கலாம் என்று கிளம்பினோம். ஒரு நீளமான ஏரி, அதன்மேல் ஆள் நடக்கும் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் முந்தின ராத்திரி முழுக்க பார், கச்சேரி, சத்தம். அந்தப் பக்கம் கால் வைத்தால் நூறு வருடம் பின்னால் போனதுபோல இருந்தது. மரத்தாலான பழைய வீடுகள், மாடிக்கு மாடி திண்ணை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வரிசையாகத் துணிக் கூடாரங்கள்! சர்க்கஸ் கூடாரம் மாதிரி இல்லை. முன்னால் பூந்தொட்டி, சாய்வு நாற்காலி, விளக்கு, உள்ளே கட்டில், அலமாரி. ஒரு கூடாரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

ஒரு வயதான அம்மா திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வியந்து நின்ற எங்களைப் பார்த்து அவரே பேச்சுக் கொடுத்தார். அவருடைய பாட்டி காலத்திலிருந்து அந்தக் கூடாரம் அவர்கள் குடும்பத்திடம் இருக்கிறதாம். ஒவ்வொரு கோடையும் இங்கேதானாம். கூடாரங்களுக்கு நடுவில் கப்பல் மாதிரி ஒரு பெரிய மர அரங்கம், உள்ளேயிருந்து ஆர்கன் சத்தம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே நினைப்பு. இந்த ஊரை யார் உருவாக்கினார்கள்? அமெரிக்காவில், அதுவும் நியூயார்க்குக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த நிலத்தில் இன்னும் துணிக் கூடாரம் எப்படி மிஞ்சியது? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள்.

---

தாவீது_நாசரேத் எழுதியது:

தங்கச்சி, சரியான இடத்துக்குத்தான் கால் போயிருக்கிறது. நான் பக்கத்து ஊரில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கோடை ஞாயிறுகளில் அந்த அரங்கில் உட்காராமல் எனக்கு வருடம் முடியாது. தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ‘கேம்ப் மீட்டிங்’ என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1800-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் உள்நாட்டுப் பகுதிகளில் கோவில்களும் போதகர்களும் குறைவு. ஜனங்கள் வண்டி கட்டி வந்து, காட்டில் கூடாரம் அடித்து, நாள்கணக்கில் தங்கிப் பிரசங்கம் கேட்பார்கள். 1801-ல் கென்டக்கி மாநிலத்தின் கேன் ரிட்ஜில் ஆயிரக்கணக்கில் கூடியது இதில் பேர்போனது. நம்மூர் கிறிஸ்தவக் கன்வென்ஷன் பந்தலில் மூன்று நாள் தங்கிக் கேட்பவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள சிரமமே இல்லை.

உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தபோது நிலைமை மாறியிருந்தது. இந்த முகாம்களில் முன்னின்ற மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் பலர் இப்போது நகரத்துக் கடைக்காரர்கள், ஆலைக்காரர்கள், குமாஸ்தாக்கள். சபையில் பழைய அனல் இல்லை என்ற கவலை சிலருக்கு. விசுவாசி இந்த வாழ்விலேயே பாவத்தை விட்டு முழுப் பரிசுத்தம் அடையலாம் என்ற ‘பரிசுத்தமாகுதல்’ போதனையை மறுபடி உயிர்ப்பிக்க 1867-ல் நியூ ஜெர்சியின் வைன்லாந்தில் ஒரு பெரிய தேசிய முகாம் நடந்தது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர்களில் ஒருவர் வில்லியம் ஆஸ்பர்ன் என்ற போதகர். ஜெபமும் ஓய்வும் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரி கடலோரத்தில் நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும் என்று அவர் கரையோரம் முழுக்கத் தேடினார். ஜெர்சிக் கரையில் அந்தக் காலத்துப் பெரிய தொல்லை கொசு. மேடான நிலம், மர நிழல், கொசு குறைவு, இரு பக்கமும் ஏரி என்று எல்லாம் சேர்ந்து கிடைத்தது இந்த இடம்தான்.

1869 ஜூலை 31. இருபது பேருக்குச் சற்று மேல் இருக்கும், ஒரு கூடாரத்துக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். ஊரின் பிறந்தநாளாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த வருடம், 1870-ல், மாநில சட்டமன்றம் ‘ஓஷன் குரோவ் கேம்ப் மீட்டிங் சங்கம்’ என்ற அமைப்புக்குச் சாசனம் கொடுத்தது. நிர்வாகக் குழுவில் 26 பேர்: பாதி போதகர்கள், பாதி சபையார். எல்வுட் ஸ்டோக்ஸ் என்ற போதகர் முதல் தலைவர். 1897-ல் இறக்கும்வரை அவர்தான் இந்த ஊரை வடிவமைத்தார் என்று சொல்ல வேண்டும். அரங்கத்துக்கு எதிரே கடலைப் பார்த்து நிற்பது அவருடைய சிலைதான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே வரியில்: அவர்கள் நிலத்தை விற்கவே இல்லை. மனை எடுத்தவர்களுக்கு 99 வருடக் குத்தகை, திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளலாம். வீடு உங்களுடையது, அதன் அடியில் இருக்கும் மண் சங்கத்துடையது. இன்றும் அப்படித்தான்.

---

முத்துலட்சுமி_எடிசன் எழுதியது:

அண்ணாச்சி, மிக்க நன்றி. அப்படியானால் நாங்கள் தாண்டியது எந்த ஏரி? அந்தப் பக்கம் ஆஸ்பரி பார்க் எப்படி இவ்வளவு மாறி இருக்கிறது? ஒரே பாலத்தின் இரு முனை!

---

தாவீது_நாசரேத் எழுதியது:

அது வெஸ்லி ஏரி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பெயர். தெற்குப் பக்கம் ஃபிளெட்சர் ஏரி, அது வெஸ்லியின் தோழர் ஜான் ஃபிளெட்சர் பெயர். இரண்டு ஏரிக்கும் நடுவில் கடலை ஒட்டிய சின்னத் துண்டு நிலம்தான் ஊர்.

ஆஸ்பரி பார்க்கும் இதே கதையிலிருந்து முளைத்ததுதான். ஜேம்ஸ் பிராட்லி என்பவர் நியூயார்க்கில் பிரஷ் தயாரிக்கும் தொழிலதிபர். ஓஷன் குரோவில் முதல் முதலாக மனை எடுத்தவர்களில் ஒருவர். உடம்பு முடியாமல் ஓய்வுக்கு வந்தவருக்குக் காற்று ஒத்துப்போனது. ஏரிக்கு வடக்கே இருந்த சுமார் 500 ஏக்கரை 1871-ல் வாங்கி, அமெரிக்க மெதடிஸ்ட் சபையின் முன்னோடி பிஷப் பிரான்சிஸ் ஆஸ்பரியின் பெயரை வைத்தார். அவரும் மது கூடாது என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அவர் நிலத்தை விற்றார். விற்ற பிறகு என்ன நடக்கும்? வாங்கினவன் விருப்பம். ஹோட்டல், கேளிக்கை, மது எல்லாம் வந்துவிட்டன.

இதே காலத்தில் கடலோரத்தில் மெதடிஸ்டுகள் ஆரம்பித்த ஊர்கள் இன்னும் உண்டு. டெலவேரின் ரெஹோபத் பீச், 1873. இப்போது சாதாரணக் கடற்கரை ஊர், ஆதியாகமத்திலிருந்து எடுத்த பெயர் மட்டும் மிச்சம். நியூ ஜெர்சியின் ஓஷன் சிட்டி, 1879, லேக் சகோதரர்கள் உருவாக்கியது. அங்கே மது விற்பனை இன்றும் இல்லை, ஆனால் கூடாரமும் முகாமும் போய்விட்டன.

---

செந்தில்_கட்டுமானம் எழுதியது:

நான் சிவில் இன்ஜினியர். அந்த அரங்கத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லாததால் நுழைகிறேன். 1894-ல் கட்டியது. வேலை ஆரம்பித்து முடிக்க 92 நாள்! ஜூலையில் கூட்டம் தொடங்கிவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம்.

225 அடி நீளம், 161 அடி அகலம், உள்ளே விதானம் 55 அடி உயரம். இவ்வளவு அகலத்தை வரிசை வரிசையாகத் தூண் நிறுத்தாமல் மூடியிருக்கிறார்கள். ரயில் பாலங்களுக்குப் போடுகிற மாதிரி இரும்புச் சட்டகங்களை வளைத்துக் கல் அடித்தளத்தின் மேல் நிறுத்தி, அதற்கு மேல் முழுக்க மரம் வேய்ந்திருக்கிறார்கள். மைக் இல்லாத காலம். பத்தாயிரம் பேர்வரை உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்டார்கள். விதானத்தைப் பீப்பாய் மாதிரி வளைத்ததும், அது மெல்லிய மரப்பலகையாக இருப்பதும்தான் குரல் போய்ச் சேரக் காரணம். இப்போது நாற்காலிகளை இடம்விட்டுப் போட்டிருப்பதால் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம்.

சுவர் முழுக்கக் கதவும் ஜன்னலும்தான். எல்லாவற்றையும் தள்ளித் திறந்துவிட்டால் அரங்கம் ஒரு பெரிய பந்தலாகிவிடும், கடல் காற்று நேரே உள்ளே வரும். ஆர்கன் 1908-ல் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் செய்தது. பிறகு பலமுறை பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, ஊர் அமைப்பு. கடலை ஒட்டிய முதல் இரண்டு தெருத்துண்டுகளில் வீடுகள் நேர்கோட்டில் இல்லை. கடலை நெருங்க நெருங்க ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி நிற்கும். அதனால் தெரு கடல் பக்கம் புனல் மாதிரி விரிகிறது. பின்னால் இருக்கிற வீட்டுக்காரருக்கும் கடல் தெரியும், காற்று வரும். நம்மூரில் ஒருவர் வீட்டு முகப்பை ஓர் அடி முன்னால் இழுத்தால் தெருவே மல்லுக்கு நிற்கிறது, இங்கே 1870-களிலேயே அடுத்தவன் காற்றுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். படித்த காலத்தில் இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நேரில் பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

---

தாவீது_நாசரேத் எழுதியது:

செந்தில் தம்பி அருமையாகச் சொன்னார். தெருப் பெயர்களையும் பாருங்கள்: பில்கிரிம் பாத்வே, மவுன்ட் கார்மெல் வே. 1870-ல் தோண்டிய கிணற்றுக்கு பெயர்செபா என்று பெயர், ஆபிரகாம் தோண்டின கிணற்றின் பெயர். வேதாகமத்தை வாசித்துவிட்டு வெளியே வந்து நடந்தால் அதே பெயர்களின் மேல் நடக்கலாம்.

இப்போது கூடாரங்கள். ஒரு காலத்தில் அறுநூறுக்குப் பக்கம் இருந்தன. இப்போது 114. ஒவ்வொன்றும் இரண்டு பாகம்: பின்னால் நிரந்தரமான மரக்கொட்டகை, அதில் சமையலறையும் கழிவறையும் குளியலும்; முன்னால் மரத்தளத்தின்மேல் கான்வாஸ் கூடாரம். மே நடுவில் துணியை ஏற்றினால் செப்டம்பர் நடுவில் இறக்கிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க சாமான்களும் துணியும் அந்தக் கொட்டகைக்குள் பூட்டிக் கிடக்கும். வாடகைக்குத்தான் கொடுக்கிறார்கள், விற்பதில்லை. காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். ஒரு குடும்பம் எடுத்தால் லேசில் விடாது என்பதை நீங்களே அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள்.

மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வினியார்டு தீவில் இதைவிடப் பழைய முகாம் ஒன்று இருக்கிறது. வெஸ்லியன் குரோவ், 1835-ல் தொடங்கியது. அங்கே கூடாரம் இருந்த அதே சின்னச் சின்ன இடங்களில் மரவீடு கட்டிக்கொண்டார்கள், சுமார் 300 வீடு, ஒவ்வொன்றும் விதவிதமான வண்ணத்தில், ஓரத்தில் பூவேலை செய்த பலகைகளோடு. அழகு கொள்ளை அழகு. ஆனாலும் எனக்குத் துணிதான் பிடிக்கும். மழை பெய்தால் சத்தம் கேட்கும், பக்கத்துக் கூடாரத்தில் குழந்தை அழுதால் கேட்கும், ராத்திரி விளக்கு அணைத்த பிறகு யாரோ மெதுவாக ஜெபிப்பது கேட்கும். ஒரு முறை நண்பர் குடும்பத்தின் கூடாரத்தில் இரண்டு இரவு தங்கினேன். சுவர் இல்லாத இடத்தில் மனிதர்கள் தாழ்ந்த குரலில் பேசப் பழகிவிடுகிறார்கள்.

---

கிருபா_வேப்பேரி எழுதியது:

தாவீது அண்ணே, அந்த வில்லியம் ஆஸ்பர்ன் பெயரை இந்தியாவில் மெதடிஸ்ட் ஊழியம் பற்றிப் படிக்கும்போது பார்த்த நினைவு. அவரேதானா?

---

தாவீது_நாசரேத் எழுதியது:

அவரேதான், கிருபா. ஊரைத் தொடங்கிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. 1870-களில் இந்தியாவுக்கு வந்து, வில்லியம் டெய்லர் என்ற சுவிசேஷகர் இங்கே ஆரம்பித்த மெதடிஸ்ட் ஊழியத்தில் சேர்ந்து உழைத்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமாண்டா ஸ்மித். மேரிலாந்தில் 1837-ல் அடிமைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். துணி துவைத்துப் பிழைத்தவர். பாட்டாலும் சாட்சியாலும் முகாம் கூட்டங்களை அசைத்தவர். ஓஷன் குரோவிலும் பாடியிருக்கிறார், பேசியிருக்கிறார். அவரும் பிறகு இந்தியாவுக்கு வந்தார். 1879 தொடங்கி இரண்டு வருடத்துக்குக் கிட்டத்தட்ட இந்தியாவிலும் பர்மாவிலும் ஊழியம் செய்துவிட்டு ஆப்பிரிக்கா போனார். தனியாக, பெண்ணாக, கறுப்பினத்தவராக, அந்தக் காலத்தில்! இவரைப் பற்றி நம் சபைகளில் யாரும் பேசாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கண் தெரியாத பாடலாசிரியை ஃபானி கிராஸ்பி கோடையில் இங்கே வருவார். அவருடைய பாட்டுகளைத் தமிழில் பாடி வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

---

கோகுல்_ட்ரென்டன் எழுதியது:

எல்லாம் படித்தேன், ரசித்தேன். இந்த ஊரின் இன்னொரு பாதி சட்டத்தில் இருக்கிறது. நான் அந்தத் துறையில் இருப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

1870 சாசனம் சங்கத்துக்குக் கொடுத்தது சாதாரண உரிமை இல்லை. விதிகள் போடலாம், போலீஸ் வைக்கலாம், நாளடைவில் ஊருக்கென்று நீதிமன்றமும் நடந்தது. அதாவது ஒரு மத அமைப்பு ஒரு நகராட்சியாகவே இயங்கியது. அதன் பேர்போன விதி ஞாயிற்றுக்கிழமை விதி. சனி நள்ளிரவிலிருந்து ஞாயிறு நள்ளிரவுவரை ஊருக்குள் எந்த வண்டியும் ஓடக்கூடாது. குதிரைவண்டி காலத்தில் போட்டது, கார் காலத்திலும் தொடர்ந்தது. ஊர் வாசலில் சங்கிலி. சனி இரவு ஜனங்கள் காரை ஆஸ்பரி பார்க்கிலோ பிராட்லி பீச்சிலோ கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். சைக்கிள் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது. பல வருடங்கள் ஞாயிறு ரயிலும் அங்கே நிற்காது. அமெரிக்க ஜனாதிபதி யுலிசஸ் கிராண்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வாசலில் இறங்கி நடந்தே உள்ளே போனார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

1920-ல் ஓஷன் குரோவைத் தனி நகராட்சியாக்க மாநிலம் சட்டம் போட்டது. அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை, அடுத்த வருடமே பழைய நிலைக்குத் திரும்பியது.

பிறகு 1970-கள். ஞாயிறு பத்திரிகையை வண்டியில் கொண்டுபோய்ப் போட முடியவில்லை என்று பத்திரிகை விற்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1977-ல் மாநில உச்ச நீதிமன்றம் பத்திரிகை விநியோகத்தைத் தடுக்கக் கூடாது என்றது, ஆனால் சங்கத்தின் ஆட்சி அதிகாரத்தைத் தொடவில்லை. இரண்டே வருடம். 1979-ல், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சங்கத்தின் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது: அரசின் அதிகாரத்தை ஒரு மத அமைப்பின் கையில் கொடுத்தது அரசியல் சாசனத்துக்கு முரண். போலீஸ், நீதிமன்றம் எல்லாம் ஓஷன் குரோவ் அடங்கிய நெப்டியூன் டவுன்ஷிப் என்ற உள்ளாட்சியின் கைக்குப் போயின. சங்கிலி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது.

அந்தத் தீர்ப்பு சரி என்பது என் உறுதியான கருத்து. தண்டிக்கிற அதிகாரம் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். வாக்களித்து மாற்ற முடியாத ஒரு குழுவிடம் போலீஸ் இருப்பது எந்த மதத்துக்கும் நல்லதில்லை.

---

தாவீது_நாசரேத் எழுதியது:

கோகுல், தீர்ப்பு சரிதான், அதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் ஞாயிறன்று வண்டி ஓடாத அந்தத் தெருக்களை நினைவில் வைத்திருக்கும் வயதானவர்களிடம் பேசியிருக்கிறேன். சட்டத்தைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. நடுத்தெருவில் குழந்தைகள் ஓடியதையும், அலைச் சத்தம் ஊரின் மேற்குக் கோடிவரை கேட்டதையும்தான் சொல்கிறார்கள். சங்கிலி போனது நியாயம். அதோடு போன அமைதியும் ஓர் இழப்புதான். இரண்டையும் சேர்த்தே நான் சொல்வேன்.

கிராண்ட் பற்றிச் சொன்னீர்களே, அவர் இங்கே வந்தது கதை மட்டும் இல்லை. 1884 ஆகஸ்டில் வந்தார். போட்ட முதல் முழுக்க அந்த மே மாதம்தான் போயிருந்தது, காலில் அடிபட்டுக் கோலூன்றி நடந்தார். போர்க்களத்தில் ஊழியம் செய்தவர்களின் கூட்டத்தில் பேச எழுந்தவரால் அதிகம் பேச முடியவில்லை. அடுத்த வருடம் இறந்துவிட்டார்.

---

ரேவதி_ஜே எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது சொல்லியே ஆக வேண்டும். நிலத்தை விற்காததால்தான் ஊர் தப்பியது என்று தாவீது அண்ணாச்சி சொல்கிறார். அதே காரணத்தால் காயப்பட்டவர்களும் உண்டு.

1970-களில் இந்த ஊர் நொடித்துப்போய்க் கிடந்தது. பெரிய பழைய ஹோட்டல்கள் காலி. மனநல மருத்துவமனைகளிலிருந்து மாநில அரசு வெளியே அனுப்பிய நோயாளிகளைச் சரியான கவனிப்பு இல்லாமல் இங்கிருந்த தங்கும் விடுதிகளில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சமயத்தில் மலிவாகக் கிடைத்த உடைந்த விக்டோரிய வீடுகளை வாங்கி, பலகை பலகையாகப் பழுதுபார்த்து, சாயம் பூசி, மறுபடி நிமிர்த்தியவர்களில் பெரும்பகுதி ஒருபால் ஈர்ப்பாளர்கள். இன்று நாம் ரசிக்கும் அழகில் அவர்களுடைய உழைப்பு நிறைய.

2007-ல் அவர்களில் ஒரு பெண் இணை, கடற்கரை மரப்பாதையில் இருக்கிற மண்டபத்தில் தங்கள் இணைவு (சிவில் யூனியன்) விழாவை நடத்த விண்ணப்பித்தார்கள். சங்கம் மறுத்தது. அதுவரை அந்த மண்டபத்தைக் கல்யாணத்துக்கு யாருக்கும் வாடகைக்குக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் திறந்த இடம் என்று சொல்லித்தான் அதற்கு வரிவிலக்கும் வாங்கியிருந்தார்கள். மாநிலம் மண்டபத்தின் வரிவிலக்கை ரத்து செய்தது. 2012-ல் நிர்வாக நீதிபதி, சங்கம் பாகுபாட்டுச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு முன்பே சங்கம் அங்கே கல்யாணம் நடத்துவதையே நிறுத்திவிட்டது.

வீடு என்னுடையது, நான் வரி கட்டுகிறேன், இடிந்த ஊரை எடுத்து நிறுத்தினேன், ஆனால் என் காலடி மண் என்னை ஏற்காத ஒருவருடையது. இப்படி ஒரு மனிதர் உணர்ந்தால் அதை வரலாற்றில் எழுதாமல் விட முடியாது.

---

தாவீது_நாசரேத் எழுதியது:

ரேவதி, நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் நடந்தது. நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டது என் தவறு.

நான் விசுவாசி. ஒரு சபை தன் ஆராதனை இடத்தில் தன் நம்பிக்கைப்படி நடக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் திறந்தது என்று சொல்லிச் சலுகை வாங்கிய இடத்தை ஒருவருக்கு மட்டும் மூடியது தவறு. அந்தச் சண்டை நடந்த வருடங்களில் ஒரே தெருவில் எதிரெதிர் திண்ணைக்காரர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்ததைப் பார்த்தேன். காற்றுக்கு இடம் விட்டு வீடு கட்டிய தெரு அது.

---

கோகுல்_ட்ரென்டன் எழுதியது:

இதன் தொடர்ச்சி கடற்கரையிலும் வந்தது. மணலும் சங்கத்துக்குச் சொந்தம். கோடை ஞாயிறுகளில் மதியம்வரை கடற்கரை வாசல்களை மூடுவார்கள், ஆராதனை நேரம் என்பதால். நியூ ஜெர்சியில் ஈர மணலும் கடலும் மக்கள் எல்லோருக்காகவும் அரசு காத்துவைக்க வேண்டிய பொதுச் சொத்து என்பது பழைய சட்டக் கோட்பாடு. பே ஹெட் என்ற ஊர் பற்றிய 1984 தீர்ப்பு, தனியார் சங்கம் வைத்திருக்கும் உலர்ந்த மணலுக்கும் அதை நீட்டியது. 2023-ல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஞாயிறு காலையும் திறக்கச் சொன்னது. இது எங்கள் சொத்து, எங்கள் மத சுதந்திரம் என்றது சங்கம். நாளொன்றுக்கு 25,000 டாலர்வரை அபராதம் வரலாம் என்ற நிலையில் 2024 கோடையில், தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டே திறந்தார்கள். முத்துலட்சுமி அக்கா, இப்போது ஞாயிறு காலையில் யாரும் அங்கே கடலைத் தொட முடிவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

---

செந்தில்_கட்டுமானம் எழுதியது:

2012 அக்டோபர் சாண்டி புயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரப்பாதை பிய்ந்தது, மீன்பிடிக்கும் துறைப்பாலம் போனது, அரங்கத்தின் கூரையில் ஒரு பகுதி பறந்தது. மத்தியப் பேரிடர் நிதி கேட்டபோது, இது தனியார் அமைப்பின் சொத்து என்று முதலில் மறுத்தார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து முறையிட்டுத்தான் 2014-ல் மரப்பாதைக்கு அந்த உதவி கிடைத்தது. துறைப்பாலத்தை மறுபடி கட்டி 2023-ல் திறந்தார்கள், சிலுவை வடிவத்தில். அதற்கும் ஊரில் இரண்டு பக்கம்.

---

முத்துலட்சுமி_எடிசன் எழுதியது:

ஒரு கேள்வி கேட்டேன், இவ்வளவு வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. ரேவதி எழுதியதைப் படித்தபின் அந்த அழகான வீடுகளை வேறு கண்ணால்தான் பார்ப்பேன்.

அடுத்த மாதம் என் அம்மா ஊரிலிருந்து வருகிறார். அவருக்கு இந்த இடத்தைக் காட்ட வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அரங்கத்துக்குள் போகலாமா? எப்போது போனால் நல்லது?

---

தாவீது_நாசரேத் எழுதியது:

தாராளமாகப் போகலாம், தங்கச்சி. ஞாயிறு காலை ஆராதனை எல்லோருக்கும் திறந்ததுதான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆகஸ்டு கடைசியில் கேம்ப் மீட்டிங் வாரம் வரும், ஊர் நிறைந்திருக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் அதற்கு ஒரு வாரம் முன்னால் போங்கள். காரை ஏரிக்கு வடக்கே விட்டுவிட்டு, நீங்கள் போன அதே பாலத்தில் அம்மாவை நடத்திக் கூட்டிப் போங்கள். அரங்கத்தில் கடல் பக்கக் கதவுக்கு அருகே உட்காருங்கள். பாட்டு நிற்கும்போது அலை கேட்கும்.

செப்டம்பர் நடுவுக்குள் போய்விடுங்கள். அப்புறம் துணியைக் கழற்றிவிடுவார்கள், பூந்தொட்டியும் நாற்காலியும் உள்ளே போய்விடும், வரிசையாக மூடிய மரக்கொட்டகைகள் மட்டும்தான் நிற்கும். உங்களோடு பேசிய அந்த அம்மா இருந்தால், நெல்லைக்காரன் ஒருவன் விசாரித்தான் என்று சொல்லுங்கள்.